ஆணம் தடித்தால் மட்டும் போதுமா?

சாப்பாட்டுக்கடை நடத்துபவர்கள், வலீமா விருந்துகளுக்கு சமைத்துக் கொடுப்பவர்கள், மா வகைகளைப் பொதி செய்து கடைகளுக்குப் போடுபவர்கள் என எம்மவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரு சரக்கை நாளாந்தம் கையாளுகின்றார்கள். ஆனால் அதைப் பற்றி எவரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஆணத்தையும் சூப்பையும் புடிங்கையும் தடிக்க வைக்கும் மாவே அந்தச் சரக்கு. கோர்ன்ப்ளவர், கோதுமை மா, அரிசி மா, மரவள்ளி மா, சவ்வரிசி, கடற்பாசி, ஜெலட்டின் என்று அது பல பெயர்களில் வருகின்றது. புறக்கோட்டையின் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் மூட்டை மூட்டையாக இறங்கி, ஊர்க் கடைகளில் நூறு கிராம் பைகளாக விற்றுத் தீர்கின்றது.

இதைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் தேங்காய் விலை. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025ஆம் ஆண்டிலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டி விற்கப்பட்டதை நாம் கண்டோம். அந்நாட்களில் பல சமையலறைகளில் கட்டிப்பாலின் இடத்தை மா பிடித்துக்கொண்டது. விலை ஏறும்போது பானைக்குள் போன மா, விலை இறங்கினாலும் இலேசில் வெளியே வராது. பழகிப்போன இலாபத்தைக் கைவிட எவருக்கும் மனம் வராதல்லவா!

மாவைச் சேர்ப்பதே குற்றம் என்று நான் கூற வரவில்லை. மாவினால் உணவைத் தடிக்க வைப்பது மனிதன் சமைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம். எமது நோன்புக் கஞ்சி அரிசியினாலேயே தடிக்கின்றது. தொதலைத் திரள வைப்பது அரிசி மா. யாழ்ப்பாணத்தாரின் கூழைத் தடிக்க வைப்பது பனங்கிழங்கைக் காய வைத்து இடித்த ஒடியல் மா. சிங்கள மக்கள் கித்துள் மரத்தின் தண்டிலிருந்து எடுக்கும் மாவில் தலப செய்கின்றார்கள். எமது பெருநாள் மஸ்கட்டைப் பாருங்கள். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவிப் பாலெடுத்து, அந்த மாப்பாலைத்தான் சீனியோடு காய்ச்சுகின்றோம். தொழிற்சாலைகளில் இயந்திரம் வைத்து மாப்பொருளைப் பிரித்தெடுக்கும் அதே வேலையை எமது உம்மாமார் அடுப்படியில் செய்து வந்திருக்கின்றார்கள்.

ஆகவே பிரச்சினை மாவில் இல்லை. எந்த மாவை எதற்குப் போடுவது என்று தெரியாமல் போடுவது ஒரு பிரச்சினை. மாவை வைத்து இன்னொரு பொருளின் காசை வாங்குவது அதைவிடப் பெரிய பிரச்சினை. முதலாவதால் வியாபாரிக்கு நட்டம். இரண்டாவதால் வாடிக்கையாளருக்கு அநியாயம், பின்னர் வியாபாரிக்கும் நட்டம்.

சரக்கை அறிந்து வாங்குவோம்

எல்லா மாவும் ஒன்றல்ல. மாப்பொருளின் சிறு மணிகள் தண்ணீரில் சூடாகும்போது, ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியசில் தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்குகின்றன. அதனால்தான் ஆணம் தடிக்கின்றது. சுடுநீரில் மாவை நேரடியாகக் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உட்பக்கம் பச்சையாக உருண்டை கட்டும். குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும், அல்லது வெண்ணெய், எண்ணெயில் வறுத்துச் சேர்க்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கோதுமை மாவில் மாப்பொருளுடன் புரதமும் இருப்பதால் அதன் தடிக்க வைக்கும் சக்தி கோர்ன்ப்ளவரில் ஏறத்தாழ அரைவாசிதான். ஒரு மேசைக்கரண்டி கோர்ன்ப்ளவர் செய்யும் வேலைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா வேண்டும். நன்றாக வேகாவிட்டால் பச்சை மா வாடை அடிக்கும். கோதுமை மா மலிவு என்று போடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கோர்ன்ப்ளவர் வாடையில்லாமல் விரைவாகத் தடிக்கும். ஆனால் அதிக நேரம் கொதித்தாலும் அளவுக்கு மிஞ்சிக் கிண்டினாலும் மீண்டும் நீர்த்துப் போகும். உறைய வைத்து எடுத்தால் தண்ணீர் வேறாகக் கக்கும். முதல் நாள் சமைத்து உறைய வைத்து அடுத்த நாள் விருந்துக்குக் கொண்டுபோகும் கேட்டரிங்காரர்கள் படும் அவஸ்தைக்கு இதுவே காரணம். அவ்வாறான வேலைக்கு மரவள்ளி மா பொருத்தமானது. அது பளபளப்பாக, கண்ணாடி போல் தெளிவாக நிற்கும், உறைய வைத்தாலும் கோர்ன்ப்ளவரை விட நன்றாகத் தாங்கும். ஆனால் அளவு கூடினால் பிசின் போல் இழுபடும். அரரூட் மாவும் தெளிவாகவே தடிக்கும், எனினும் பால் சேரும் உணவில் அது வழுவழுப்பைக் கொடுத்துவிடும்.

தேசிக்காய், வினாகிரி போன்ற புளிப்புக்களை மாவுடன் சேர்த்து நீண்ட நேரம் கொதிக்க விட்டால் மாவின் பிடி தளரும். புளிப்பைக் கடைசியில் சேர்ப்பதே முறை. இன்னொன்று, ருசி பார்த்த கரண்டியைத் திரும்பவும் கஸ்டர்ட் பாத்திரத்துக்குள் விடும் பழக்கம். எச்சிலிலுள்ள நொதியம் மாப்பொருளைக் கரைத்து, ஆறிய கஸ்டர்ட்டைத் தண்ணீராக்கிவிடும். சுத்தத்துக்காக மட்டுமன்றி சரக்கைக் காப்பாற்றுவதற்காகவும் அந்தப் பழக்கம் கைவிடப்பட வேண்டும்.

கடையில் சவ்வரிசி என்று நாம் விற்பது பெரும்பாலும் மரவள்ளியிலிருந்து செய்யப்படுவதே. தமிழ்நாட்டின் சேலம் பகுதி இத்தொழிலுக்குப் பெயர் போனது. உண்மையான சேகோ என்பது தென்கிழக்காசியாவில் வளரும் ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்படுவது. வாங்குபவர் கேட்டால் சொல்வதற்காவது இதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஜெலட்டினும் கடற்பாசியும்

மா தவிர்ந்த பொருட்களில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மாட்டினதாகவும் இருக்கலாம், பன்றியினதாகவும் இருக்கலாம், மீனினதாகவும் இருக்கலாம். சில யோகட் வகைகளிலும் புடிங், ஜெலி வகைகளிலும் அது சேர்க்கப்படுகின்றது. மொத்தமாக வாங்கி, பெயரில்லாத பைகளில் பிரித்து விற்கும் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. தெரியாததை முஸ்லிம் வீட்டு விருந்துக்கு விற்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைச் சிந்திக்க வேண்டும். மூலப்பொதியும் ஹலால் சான்றும் கையில் இல்லாத ஜெலட்டினை வாங்காமல் விடுவதே பாதுகாப்பு.

இந்தத் தலையிடியே இல்லாத பொருள் கடற்பாசி. எமது வீடுகளில் நோன்பு காலத்தில் கடற்பாசி இல்லாத இப்தார் குறைவு. இதில் வியாபாரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜெலட்டினால் செய்த புடிங் 35 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். எமது நாட்டு வெயிலில் மண்டபத்து மேசையில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? கடற்பாசியோ குளிர்சாதனப் பெட்டி இல்லாமலேயே உறையும். ஒருமுறை உறைந்தால் திரும்ப இளக 85 பாகை அளவு சூடு வேண்டும்.

ஒரு காலத்தில் 'சிலோன் மொஸ்' என்ற பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்டிருந்தது எமது கடற்பாசிதான். புத்தளம், கற்பிட்டி களப்புப் பகுதிகளிலும் திருகோணமலையிலும் அது கிடைக்கின்றது. இன்று வடக்குக் கரையோரங்களில் கப்பாபைகஸ் என்ற வேறொரு பாசி வளர்க்கப்பட்டு ஏற்றுமதியாகின்றது. அதிலிருந்து எடுக்கப்படும் கராஜினன், பாலுணவுகளைத் தடிக்க வைக்கும் பொருளாக ஈ 407 என்ற இலக்கத்துடன் பொதிகளில் திரும்ப எமது கடைகளுக்கே வருகின்றது. காய்ந்த பாசியாக அனுப்பிவிட்டு, பதப்படுத்தியதைக் காசு கொடுத்து வாங்குகின்றோம். பணமுள்ள எமது வியாபாரிகள் காணி வாங்கிப் போடுவதற்குக் காட்டும் ஆர்வத்தில் கொஞ்சத்தை இதன் பக்கமும் திருப்பலாம்.

மாற்றீடு வேறு, மோசடி வேறு

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம்.

ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்றைப் பயன்படுத்துவது தவறில்லை. இதற்கு மிக நல்ல உதாரணம் கஸ்டர்ட் பவுடர். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த அல்பிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர் 1837ஆம் ஆண்டில் முட்டைக்குப் பதிலாகக் கோர்ன்ப்ளவரை வைத்துக் கஸ்டர்ட் செய்யும் தூளை உருவாக்கினார். இன்றும் கஸ்டர்ட் பவுடர் என்று நாம் விற்பது நிறமும் வாசமும் சேர்த்த கோர்ன்ப்ளவரைத்தான். அவர் அதை முட்டைக் கஸ்டர்ட் என்று சொல்லி விற்கவில்லை. முட்டையில்லாதது என்பதையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்றார். அவருடைய பெயரில் அந்தச் சரக்கு இன்றுவரை உலகச் சந்தையில் நிற்கின்றது.

இப்போது எமது பக்கம் பார்ப்போம். முட்டையையும் தேங்காய்ப்பாலையும் குறைத்துக் கோர்ன்ப்ளவரைக் கூட்டிச் செய்த ஒன்றை வட்டலப்பம் என்ற பெயரில், வட்டலப்பத்தின் விலைக்கு விற்கின்றார்கள். பசும்பாலில் மாவைக் கலந்து தடிக்க வைத்ததை எருமைத் தயிர் என்கின்றார்கள். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலை விட ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதால்தான் அதன் தயிர் தானாகவே கட்டியாக நிற்கின்றது. அந்தக் கட்டிக்காகத்தான் வாடிக்கையாளர் கூடிய விலை கொடுக்கின்றார். கித்துள் மா விலை கூடியது என்பதால் அதில் வேறு மாவைக் கலப்பவர்களும் இருக்கின்றார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வாடிக்கையாளரின் வெள்ளை மனதைத்தான் இவர்கள் முதலீடாக வைத்திருக்கின்றார்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றோம். ஈரமான தானியத்தை விற்கக் கூடாது என்று அங்கு சொல்லப்படவில்லை. மறைத்து விற்கக் கூடாது என்பதே அங்குள்ள பாடம். ஆணத்தில் கரைந்த மாவும் குவியலுக்குள் இருந்த ஈரமும் ஒரே வகையானவைதான்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கின்றது. கலப்படமான உணவையும் வாங்குபவரை ஏமாற்றும் விதத்தில் பெயரிடப்பட்ட உணவையும் விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்துச் சென்றால் நீதிமன்றம் வரை போக நேரிடும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் பிழையான விபரங்களைக் காட்டி விற்பவர்கள் மீது வழக்குத் தொடுக்கலாம்.

ஒரு கணக்கு

"விலைவாசி ஏறிய நேரத்தில் நாங்கள் என்ன செய்வது? விலையைக் கூட்டினால் ஆள் வராது, கூட்டாவிட்டால் கடையை மூட வேண்டும்" என்று ஹோட்டல் நடத்தும் சகோதரர்கள் கேட்பது எனக்குப் புரிகின்றது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆகவே உபதேசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, 60 தட்டுச் சாப்பாட்டுக்கான ஆணத்துக்கு 10 தேங்காய் போகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 200 ரூபா வீதம் 2000 ரூபா. இதை 5 ஆகக் குறைத்தால் 1000 ரூபா மிச்சம். தடிப்பதற்காக 150 ரூபாவுக்கு மா போடுகின்றோம். ஆக மிஞ்சுவது 850 ரூபா. 60 தட்டுக்கும் பிரித்தால் தட்டுக்கு 14 ரூபா. இவ்வளவுதான்! 14 ரூபாவுக்காக ஆணத்தின் ருசியையும் கடையின் பெயரையும் கொடுக்கின்றோம். மாவுக்குத் தடிப்பைக் கொடுக்க முடியும். தேங்காயின் கொழுப்பையும் வாசத்தையும் கொடுக்க முடியாது. சாப்பிடுபவருக்கு என்ன குறைகின்றது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ குறைகின்றது என்று நாக்குக்குத் தெரியும். அவர் சண்டை பிடிக்க மாட்டார். அடுத்த வாரம் வேறு கடைக்குப் போவார்.

மாறாக, தட்டுக்கு 20 ரூபாவைக் கூட்டி, "தேங்காய் விலையினால் இந்தக் கூட்டல்" என்று பலகையில் எழுதிப் போடுங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் வருவார்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கோதுமை மாவும் எரிவாயுவும் தட்டுப்பட்டபோது விலையைக் கூட்டியும் தரத்தைக் குறைக்காத கடைகளுக்கு இன்றும் ஆட்கள் போகின்றார்கள். விலையைக் கூட்ட மனமில்லையா? அளவைக் குறையுங்கள். அதுவும் இயலாதா? தேங்காய்ப்பால் இல்லாத மிளகாணத்தையோ புளியாணத்தையோ அதன் சொந்தப் பெயரில் கொடுங்கள். மூன்றும் ஹலாலான வழிகள்.

இதில் உடல் நலமும் சம்பந்தப்பட்டிருக்கின்றது. எமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கின்றது. சோற்றைக் குறைத்து ஆணத்தைக் கூட்டிச் சாப்பிடும் நோயாளி, ஆணத்திலும் மாவையே சாப்பிடுகின்றார் என்பது அவருக்குத் தெரியாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கின்றார்கள். கேட்டால் உண்மையைச் சொல்வதற்குக் கல்லாவில் இருப்பவருக்குப் பானைக்குள் என்ன இருக்கின்றது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கும்போது நாமும் ஏமாறாமல் இருக்க ஒரு இலகுவான சோதனை உண்டு. பாடசாலையில் விஞ்ஞான பாடத்தில் செய்ததுதான். பார்மசியில் காயத்துக்குப் போட விற்கும் அயடீன் கரைசலில் இரண்டு துளியை, ஆறிய மாதிரியில் விட வேண்டும். மாப்பொருள் இருந்தால் கருநீலமாக மாறும். தயிர், பால், நெய், தேங்காய்ப்பால் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். மஞ்சள் தூளில் இயல்பாகவே மாப்பொருள் இருப்பதால் அதற்கு இந்தச் சோதனை சரிவராது. சோதித்த மாதிரியைச் சாப்பிடாமல் கொட்டிவிட வேண்டும்.

தொழிலாகச் செய்யலாமா?

உள்நாட்டு மாவைத் தொழிலாகச் செய்ய முடியாதா என்று சில இளைஞர்கள் கேட்கின்றார்கள். முடியும், ஆனால் உணர்ச்சிவசப்பட்டு இறங்கக் கூடாது. பச்சை மரவள்ளிக் கிழங்கு ஐந்து கிலோவை அரைத்துக் கழுவி வடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ சுத்தமான மாதான் கிடைக்கும். கிழங்கின் விலையை ஐந்தால் பெருக்கி, அதற்கு மேல் கூலியையும் உலர்த்தும் செலவையும் போட்டுப் பாருங்கள். மரவள்ளி மா ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் தாய்லாந்துடன் விலையில் மோத எம்மால் இயலாது. கிழங்கும் கிண்டியெடுத்த இரண்டு, மூன்று நாட்களில் கறுத்துப் பழுதாகிவிடும். எனவே தோட்டத்துக்குப் பக்கத்தில் வேலை நடந்தாலன்றி இது சரிவராது.

ஆனால் வேறு வழிகள் இருக்கின்றன. கிழங்கைச் சீவிக் காய வைத்து முழுதாக அரைத்த மாவில் கழிவு குறைவு. அரிசி ஆலைகளில் விலங்குத் தீனிக்குப் போகும் சுத்தமான குறுணலை அரைத்தால், ஆணத்துக்கும் சூப்புக்கும் ஏற்ற, எமது நாக்குக்குப் பழகிய மா கிடைக்கும். இவற்றைக் கோர்ன்ப்ளவர் விலைக்கு மூட்டையாக விற்க நினைத்தால் தோல்விதான். 'சூப்புக்கு', 'உறைய வைக்கும் உணவுக்கு', 'கோதுமை சேராதது' என்று தேவையைச் சொல்லி, 200 கிராம் பொதியில், ஒரு லீட்டருக்கு எத்தனை கரண்டி என்ற விபரத்துடன் கொடுத்தால் அதற்கென்று ஒரு சந்தை உண்டு. வாங்குபவருக்கு மா மட்டும் போதாது, மாவைப் பயன்படுத்தும் அறிவும் வேண்டும். அதைச் சேர்த்துக் கொடுப்பவரிடமே அவர் திரும்ப வருவார்.

இந்தியாவின் ராஜஸ்தானில் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின், ஈ 412 என்ற இலக்கத்தில் ஐஸ்கிரீமையும் சோஸையும் தடிக்க வைக்கும் சாதாரணப் பொருள். அமெரிக்காவில் பாறைகளை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழிலுக்கு அது தேவைப்பட்டதால் 2012ஆம் ஆண்டில் அதன் விலை தாறுமாறாக ஏறியது. வறண்ட நிலத்து விவசாயிகள் அதில் பணம் பார்த்தார்கள். விலை விழுந்தபோது, ஏறிய விலையை நம்பி இருப்பு வைத்தவர்கள் அடிபட்டார்கள். எமது இளைஞர்களும் விலை ஏற்றத்தை அல்ல, நிலையான தேவையை நம்பித்தான் இதில் இறங்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கு இறுதியாகக் கூறுவது இதுதான். மாவை விற்பவர் அதன் சரியான பெயரைப் பொதியில் எழுதட்டும். பிரித்து விற்கும் பையிலும் பெயரையும் காலாவதித் திகதியையும் ஒட்டட்டும். சமைப்பவர் எந்த வேலைக்கு எந்த மா என்று அறிந்து போடட்டும். ஆணத்துக்கு மா தடிப்பைக் கொடுக்கலாம், ஆனால் தேங்காயின் விலையை மாவுக்கு வாங்க எமக்கு உரிமையில்லை. அந்த 14 ரூபா கல்லாவில் சேரும், பரக்கத்தில் சேராது.